ஜவ்வை இறுக்கும் முன் தசைநாணைப் பார்த்துவிட்டார்களா?

கேள்வி: என் வயது 37. ஐந்து வருடங்களுக்கு முன் ஷட்டில் விளையாடும்போது வலது கணுக்கால் மடங்கியது. வீங்கியது, கட்டுப் போட்டேன், சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு சமதரையில் நடக்கும்போதுகூட அடிக்கடி மடங்குகிறது. நான்கு மாதம் பிசியோதெரபி செய்ததில் குறைந்தது, நிற்கவில்லை. எம்ஆர்ஐயில் முன்பக்க ஜவ்வு பழைய கிழிசல் என்றும், தசைநாண்கள் இயல்பு என்றும் வந்திருக்கிறது. ஜவ்வைத் தைத்து இறுக்க அடுத்த மாதம் ஆபரேஷன். என் உறுத்தல் இதுதான்: கால் மடங்காத நாட்களிலும் வெளிப்பக்கக் கணு எலும்புக்குப் பின்னால் வலி இருந்துகொண்டே இருக்கிறது. சில நேரம் அங்கே 'டக்' என்று ஏதோ நகர்கிறது. டாக்டரிடம் சொன்னபோது, "ஆபரேஷனில் உள்ளே பார்த்துக்கொள்ளலாம்" என்றார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் போய்விடும் என்கிறாள் தோழி. என்ன செய்யட்டும்?

பதில்: ஆபரேஷனை ரத்து செய்ய வேண்டாம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே உங்கள் டாக்டரை இன்னொரு முறை பாருங்கள். போகும்போது ஜவ்வைப் பற்றிக் கேட்காதீர்கள், அது ஏற்கெனவே முடிவான விஷயம். வெளிக்கணுவுக்குப் பின்னால் ஓடும் இரண்டு தசைநாண்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கால் மடங்குவது அல்ல, மடங்காத நாட்களிலும் வலிக்கிறது என்பதுதான். ஜவ்வு தளர்ந்திருப்பது மட்டுமே பிரச்சினை என்றால், மடங்கிய பிறகு சில நாட்கள் வலிக்கும், வீங்கும், அப்புறம் அடங்கிவிடும். அடுத்த முறை மடங்கும் வரை அந்தக் கால் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். நடுவில் தினமும் வலி இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில் இருக்கிறது என்றால், ஜவ்வோடு இன்னொன்றும் சேர்ந்து கெட்டிருக்கிறதா என்று தேடியாக வேண்டும்.

எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருப்பது ஜவ்வு, அதாவது லிகமென்ட். தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோவது தசைநாண். நீங்கள் சொல்லும் இடத்தில் பெரோனியல் தசைநாண்கள் இரண்டு இருக்கின்றன. பிரெவிஸ் என்பது பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் கைக்குத் தட்டுப்படும் மேட்டில் போய் முடிகிறது. லாங்கஸ் இன்னும் தூரம் போகிறது. பாதத்தின் வெளி ஓரத்தில் வளைந்து, உள்ளங்காலுக்கு அடியில் குறுக்காக ஓடி, பெருவிரல் பக்கத்து எலும்பைப் பிடிக்கிறது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது இந்த இரண்டின் வேலை. கால் உள்பக்கமாக மடங்கப் போகும் கணத்தில் எதிர்த்து இழுப்பதும் இவைதான்.

இந்த இரண்டும் கணு எலும்பின் பின்பக்கம், கப்பியைச் சுற்றும் கயிறு மாதிரி வளைந்து திரும்புகின்றன. எலும்பை ஒட்டி பிரெவிஸ், அதன் பின்னால் லாங்கஸ். லாங்கஸ் இழுக்கும்போதெல்லாம் பிரெவிஸ் எலும்போடு நசுங்குகிறது. ஜவ்வு தன் வேலையைச் செய்யாத காலில் இந்தத் தசைகள் நாள் முழுக்க அதிகப்படியாக வேலை செய்கின்றன. வருடக்கணக்கில் இது நடந்தால் பிரெவிஸ் குறுக்காக அறுவதில்லை, நீளவாக்கில் பிளக்கிறது. அதனால்தான் பலருக்கு பலம் அவ்வளவாகக் குறையாமல் வலி மட்டும் இருக்கும். போதாததற்கு, தசைநாண்களை எலும்புக்குப் பின்னால் பிடித்து வைத்திருக்கும் பட்டை ஒன்று உண்டு. கால் மடங்கும் அதே விசையில் அதுவும் தளரலாம், எலும்பிலிருந்து பிய்ந்தும் வரலாம். பட்டை தளர்ந்தால் தசைநாண் எலும்பின் விளிம்பில் ஏறி இறங்கும். உங்கள் 'டக்' அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இது அபூர்வமான ஜோடி இல்லை. நாள்பட்ட கணுக்கால் தளர்ச்சிக்காக ஆபரேஷன் செய்துகொண்ட 61 பேரைப் பற்றி டிஜியோவானி குழுவினர் 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜவ்வு மட்டும் கெட்டிருந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. பெரோனியல் தசைநாண் உறையில் அழற்சி 77 சதவீதத்தினரிடம் இருந்தது. பிடித்து வைக்கும் பட்டை நைந்திருந்தது 54 சதவீதத்தினரிடம். பிரெவிஸ் கிழிந்திருந்தது நான்கில் ஒருவருக்கு. ஆபரேஷன் வரை வந்தவர்களின் கணக்கு இது, சாதாரணமாகச் சுளுக்கிக்கொண்ட எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் நீங்கள் ஆபரேஷன் வரை வந்தவர்தானே.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதல் கருவி விரல். நல்ல கணுக்கால் டாக்டர் உங்கள் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்துக்கொண்டு, ஒரே விரலால் மெதுவாகத் தேடுவார். கணு எலும்பின் முன்பக்கம், சற்றுக் கீழே அழுத்தி வலித்தால் அது ஜவ்வின் இடம், அல்லது மூட்டின் முன் மூலை. எலும்பின் பின் விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் சுருக்கென்றால், அது தசைநாண். இன்னும் கீழே, பாதத்தின் வெளி ஓரத்தில் லாங்கஸ் உள்ளங்காலுக்குத் திரும்பும் இடத்தில் வலித்தால் சந்தேகம் லாங்கஸ் மேல் போகும். இந்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் சில சென்டிமீட்டர்தான். ஆகவே "வெளிப்பக்கம் வலிக்கிறது" என்று உள்ளங்கையால் தடவிக் காட்டாமல், வீட்டிலேயே ஒரு விரலால் தேடி, அதிகம் வலிக்கும் புள்ளியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். நோயாளி வைத்த புள்ளி பரிசோதனையைப் பாதி முடித்துவிடும்.

அடுத்தது அசைவு. டாக்டர் தன் விரல்களைக் கணு எலும்பின் பின்னால் வைத்துக்கொண்டு, பாதத்தை வெளிப்பக்கமும் மேல்நோக்கியும் தள்ளச் சொல்லி, இன்னொரு கையால் எதிர்ப்பார். தசைநாண் எலும்பின் மேல் ஏறினால் விரலுக்கே தெரியும், சிலருக்குக் கண்ணுக்கே தெரியும். பாதத்தை வட்டமாகச் சுழற்றச் சொல்வதும் இதற்குத்தான். பெருவிரலின் அடி மேட்டைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னால் லாங்கஸின் பலம் தெரியும். 'டக்' சத்தத்தை நீங்களாக வரவழைக்க முடிகிறதா? முடிந்தால் மேசையில் படுப்பதற்கு முன்பே செய்து காட்டுங்கள். சிலருக்கு நிற்கும்போது மட்டும்தான் வரும். அப்படியானால் நின்றே காட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பிறகு குதிகால். பலர் தாண்டிப் போய்விடுவது இதைத்தான், எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதும் இங்கேதான். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, பின்னாலிருந்து பார்க்க வேண்டும். குதிகால் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், பாதத்தின் உள்வளைவு உயரமாக இருந்தால், ஒவ்வொரு அடியிலும் கால் மடங்கும் திசைக்கே உடல் எடை தள்ளுகிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது குதிகாலின் உள்ஓரம் எட்டிப் பார்த்தால் அந்தச் சாய்வு இருக்கலாம் என்று அர்த்தம். பாதத்தின் வெளி ஓரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து, பெருவிரல் பக்கத்தைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லும் கோல்மேன் சோதனையில், சாய்வு முன்பாதத்தால் வருகிறதா, குதிகாலே இறுகிவிட்டதா என்று பிரித்தறியலாம். இந்தச் சாய்வை விட்டுவிட்டு ஜவ்வையும் தசைநாணையும் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், அதே எடை அதே தையலை மறுபடி இழுக்கும்.

இப்போது உங்கள் எம்ஆர்ஐ. "தசைநாண்கள் இயல்பு" என்ற வரியைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான பதில் என்று பாருங்கள். ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் "ஜவ்வு கிழிசலா?" என்று மட்டும் எழுதியிருந்தால், படிப்பவரின் கவனம் அங்கேதான் போகும். மேலும் எம்ஆர்ஐ எடுக்கும்போது நீங்கள் அசையாமல் படுத்திருக்கிறீர்கள். அசைந்தால் மட்டும் இடம் மாறும் தசைநாண், அப்போது தன் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரோக்கியமான தசைநாண் எம்ஆர்ஐயில் கறுப்பாகத் தெரியும். அதன் நார்கள் ஸ்கேனரின் காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் வரும் இடத்தில், எந்தக் கோளாறும் இல்லாமலே சாம்பல் நிறமாகத் தெரியும். பெரோனியல் தசைநாண்கள் வளைந்து திரும்பும் இடத்தில் இந்தச் சாய்வு வந்தே தீரும். பிளவுகள் அதிகம் வருவதும் அதே இடத்தில். ஆகவே இரண்டு பக்கமும் தவறு நேரலாம்: போலி நிறத்தைக் கிழிசல் என்று எழுதிவிடலாம், நிஜக் கிழிசலைப் போலி நிறம் என்று விட்டுவிடலாம். பாதத்தைச் சற்றுக் கீழ்நோக்கி நீட்டி வைத்து எடுப்பதும், இந்த மாயம் படாத வகைப் படங்களோடு ஒப்பிடுவதும் உதவும். நிறத்தைவிட வடிவத்தை நான் அதிகம் நம்புவேன். தட்டையாக இருக்க வேண்டிய பிரெவிஸ் வளைந்து லாங்கஸைக் கவ்விக்கொண்டிருந்தாலோ, இரண்டு நாண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தெரிந்தாலோ, பிளவு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். மூன்றாவதாகத் தெரிவது சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் கூடுதல் தசையாகவும் இருக்கலாம். அதுவும் அந்த இடுக்கில் நெரிசலை உண்டாக்குவதுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த வலியும் இல்லாதவர்களின் எம்ஆர்ஐயிலும் பிரெவிஸ் பிளவு தென்படுவது உண்டு. அதனால் ஸ்கேனில் கிழிசல் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் தசைநாணைத் திறக்கக் கூடாது. விரல் காட்டும் இடமும் படம் காட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே உடனே புது எம்ஆர்ஐக்குப் போக வேண்டாம். இருக்கும் படங்களையே, நீங்கள் புள்ளி வைத்த இடத்தைச் சொல்லி, உங்கள் டாக்டரும் ரேடியாலஜிஸ்டும் மறுபடி பார்க்கட்டும். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல் படங்கள் உள்ள சிடியையும் எடுத்துப் போங்கள். படம் ரொம்பப் பழையதாக இருந்தாலோ தெளிவில்லாமல் இருந்தாலோ மட்டும் புதிதாக எடுக்கலாம்.

உங்கள் விஷயத்தில் நான் கேட்கும் சோதனை வேறு: கால் அசையும்போதே எடுக்கும் அல்ட்ராசவுண்ட். கணு எலும்பின் பின்னால் கருவியை வைத்துக்கொண்டே பாதத்தைச் சுழற்றச் சொல்வார்கள். தசைநாண் விளிம்பில் ஏறுவதை அந்த நொடியிலேயே திரையில் பார்க்கலாம். சிலருக்கு எலும்பின் மேல் ஏறாது. உறைக்குள்ளேயே பிரெவிஸும் லாங்கஸும் ஒன்றையொன்று தாண்டி இடம் மாறிக்கொள்ளும், அல்லது லாங்கஸ் பிரெவிஸின் பிளவுக்குள் புகுந்து வெளியே வரும். பட்டை நன்றாக இருந்தும் 'டக்' வருவது இவர்களுக்குத்தான். படுத்தபடி எடுத்த எந்தப் படத்திலும் இது சிக்காமல் போகலாம். ஒரே குறை, இந்த ஸ்கேன் செய்பவரின் கையைப் பொறுத்தது. வயிற்று ஸ்கேனில் கைதேர்ந்தவருக்கு கணுக்கால் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். தசை, மூட்டு ஸ்கேன் செய்து பழகியவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். சீட்டில் "பெரோனியல் தசைநாண், அசைவோடு பார்க்கவும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'டக்' வருவதை அவரிடமும் செய்து காட்டுங்கள்.

எக்ஸ்ரேயையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் குதிகாலின் சாய்வுக்குத் துப்பு கிடைக்கும். வெளிக்கணுவின் ஓரத்தில் மெல்லிய எலும்புச் சில்லு ஒன்று பிரிந்து தெரிந்தால், பிடித்து வைக்கும் பட்டை பிய்ந்து வந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஊசிக்கு வருவோம். தசைநாண் உறைக்குள், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மரத்துப்போகும் மருந்தை மட்டும் கொஞ்சம் போட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் வலி போகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. குழப்பமான இடங்களில் உதவும். ஆனால் உங்களைப் போன்றவர்களிடம் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நிஜமாகவே. குதிகால் எலும்போடு சேரும் வெளிப்பக்க ஜவ்வு இந்த உறைக்குத் தரை மாதிரி அடியில் கிடக்கிறது. அதுவும் கிழிந்திருந்தால் உறைக்குள் போட்ட மருந்து மூட்டுக்குள் இறங்கிவிடும். அப்புறம் போனது தசைநாண் வலியா மூட்டு வலியா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தோழி சொல்லும் ஸ்டீராய்டு வேறு கதை. ஏற்கெனவே பிளந்திருக்கக்கூடிய தசைநாணில் ஸ்டீராய்டு போட்டால் சில வாரங்கள் சுகமாக இருக்கும், நார் இன்னும் பலவீனமாகி முழுதாக அறுந்துபோகும் அபாயமும் சேர்ந்து வரும். ஆபரேஷனுக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் தொற்று பற்றிய கவலையும் கூடும். வேண்டாம்.

இதையெல்லாம் ஆபரேஷன் மேசையிலேயே பார்த்துக்கொள்ளக் கூடாதா? உங்கள் டாக்டர் சொன்னது முழுக்கத் தவறில்லை. தசைநாணைப் பற்றிய கடைசித் தீர்ப்பு கண்ணால் பார்த்த பிறகுதான். ஆனால் "உள்ளே" என்பது எந்த உள்ளே என்று கேளுங்கள். மூட்டுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தால் குருத்தெலும்பு தெரியும், மூட்டின் மூலைகள் தெரியும். பெரோனியல் தசைநாண்கள் மூட்டுக்கு வெளியே, தனி உறைக்குள் ஓடுகின்றன. மூட்டுக் கேமராவில் அவை தெரியாது. ஜவ்வைத் தைக்க கணு எலும்பின் முன்பக்கம் போடும் சிறிய வெட்டிலும் தசைநாணின் ஒரு துண்டுதான் தெரியும். எலும்பின் பின்னால் வளையும் பகுதி, அதாவது உங்களுக்கு வலிக்கும் பகுதி, தெரியாது. அதைப் பார்க்க வெட்டையே வேறு இடத்தில் வளைத்து வைக்க வேண்டும், அல்லது தசைநாண் உறைக்குள் தனியாகக் கேமரா விட வேண்டும். கத்தியை வைத்த பிறகு எடுக்கும் முடிவு அல்ல அது. அந்தப் பகுதியில் தோல் உணர்ச்சிக்கான நரம்பும் ஓடுகிறது, வெட்டைத் திட்டமிடாமல் நீட்டுவது யாருக்கும் நல்லதில்லை.

கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்பதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். உறையில் அழற்சி மட்டும் என்றால் சுத்தம் செய்தால் போதும். பிரெவிஸ் பிளந்திருந்தால் நைந்த பகுதியை நீக்கி, மீதியைச் சுருட்டித் தைப்பார்கள். பாதிக்கு மேல் கெட்டிருந்தால் அதை லாங்கஸோடு இணைத்துத் தைப்பது கிராஸ், பிராட்ஸ்கி இருவரும் 1998-ல் சொன்ன வழி. இன்றும் பலர் அந்தப் பாதிக் கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது சட்டம் இல்லை. பட்டை தளர்ந்திருந்தால் அதை இறுக்குவார்கள், தேவைப்பட்டால் எலும்பின் பின்பக்கப் பள்ளத்தையும் ஆழமாக்குவார்கள். குதிகால் இறுகிச் சாய்ந்திருந்தால் குதிகால் எலும்பையே வெட்டி நேராக்க வேண்டிவரலாம்.

ஜவ்வை மட்டும் தைக்கும் பிராஸ்ட்ராம் முறை 1966 முதல் இருப்பது. 1980-ல் கூல்ட் அதை இன்னும் உறுதியாக்கினார். அநேகமாக உங்களுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நல்ல ஆபரேஷன். ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜவ்வுக்குப் பதிலாக பெரோனியஸ் பிரெவிஸையே எடுத்துக் கட்டும் பழைய முறைகள் சில உண்டு. பிரெவிஸ் மேல் சந்தேகம் இருக்கும் காலில் அது சரிப்படாது.

மற்றபடி, தசைநாணும் தைக்கப்பட்டால் ஓய்வுக் கணக்கு மாறும். பாதத்தை நீங்களாக வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியைத் தள்ளிவைப்பார்கள். குதிகால் எலும்பையும் வெட்டினால் ஏறக்குறைய ஆறு வாரம் அந்தக் காலில் எடை போடக் கூடாது. வேலைக்கு எத்தனை நாள் லீவு, வீட்டில் யார் உதவி என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

எல்லாச் சோதனையிலும் தசைநாண் சுத்தம் என்று வந்தால் உங்கள் வலி கற்பனை என்று ஆகிவிடாது. கணுக்கால் எலும்பின் குருத்தெலும்பில் பள்ளம், கீழ் மூட்டில் கோளாறு, பின்னால் ஓடும் தோல் நரம்பின் எரிச்சல் என்று வேறு சில இருக்கின்றன. பாதத்தின் வெளி ஓரத்தில் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போன்றவை இருந்தால் அதையும் சொல்லுங்கள். கணுக்காலின் உள்பக்கத் தசைநாண்களையும் ஒரு கை தொட்டுப் பார்த்துவிடட்டும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. சர்க்கரை நோய், மூட்டுவாதம் இருக்கிறதா, சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சமீபத்தில் எடுத்தீர்களா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்களா, விரல்களும் முழங்கையும் மற்றவர்களைவிட அதிகமாகப் பின்னுக்கு வளையுமா. முதல் மூன்றும் தசைநாணின் தரத்தைப் பாதிக்கக்கூடியவை. கடைசியாகக் கேட்டதற்குப் பதில் ஆம் என்றால், தைத்த ஜவ்வு மறுபடி தளரும் வாய்ப்பு அதிகம். அப்போது தையலுக்குக் கூடுதல் வலு கொடுப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார்.

தேதி வரும்வரை கணுக்கால் பிரேஸ் போட்டே நடங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சியை விட வேண்டாம். ரப்பர் பட்டையை வைத்து பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியில் 'டக்' வந்தால் மட்டும் அதை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். ஷட்டில் இப்போதைக்கு வேண்டாம். அல்ட்ராசவுண்ட் கிடைக்க ஆபரேஷன் தேதியைத் தாண்டி இரண்டு வாரம் ஆகும் என்றால், ஆபரேஷனையே இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து வருடமாகத் தளர்ந்திருக்கும் ஜவ்வு அதற்குள் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது.